பார்மினின் இலை மருந்து

"கதவைச் சாத்தாத, ரும். புள்ள வெளிய நிக்குது."

ருமியாத்தி அடுப்பில் மரவள்ளிக் கீரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. வாசற்படியில் அவள் புருஷன் பார்மின் நின்றான். மருந்து தெளிக்கிற தொட்டியை இன்னும் முதுகிலிருந்து இறக்கவில்லை. முகம் செங்கல் மாதிரி சிவந்திருந்தது. உங்காரான் மலையிலிருந்து மேகம் இறங்கி, ஊரே துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலம் அது. அந்தக் குளிரில் எவன் முகம் அப்படிச் சிவக்கும்?

"எந்தப் புள்ள, காங்?" அந்த ஊரில் பெண்கள் புருஷனைக் காங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எந்தப் புள்ளயா? நம்ம லிந்தாங்தான். வேலிக்கிட்ட நிக்குறா. செருப்புகூடப் போடல."

லிந்தாங்கைப் புதைத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

ருமியாத்தி கரண்டியைப் போட்டுவிட்டு வேலிவரைக்கும் ஓடினாள். ரோஜாச் செடிகள் மருந்து சொட்டச் சொட்ட நின்றன. மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் காரட் பாத்தி. அதற்கும் அந்தப் பக்கம் மேகம். வேறொன்றும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், பார்மின் பானைத் தண்ணீரைப் பாதிக்குமேல் குடித்துவிட்டிருந்தான்.

"நாக்கு மேல ஒட்டிக்குது," என்றான். "அவளுக்கும் கொஞ்சம் வையி. வெல்லம் போட்டு."

அவள் வெல்லம் கரைத்து ஒரு கிண்ணத்தில் வாசலில் வைத்தாள். பெற்றவள் வேறு என்னதான் செய்வாள்?

கலிசாரியில் வீட்டுக்கு வீடு ரோஜாதான். கொண்டையில் சூடுகிற ரோஜா இல்லை, காம்போடு வெட்டிக் காகிதத்தில் சுற்றுகிற ரோஜாவும் இல்லை. தலையை மட்டும் கிள்ளிக் கூடையில் போடுவார்கள். உதிர்த்த இதழ் கல்லறைமேல் தூவப் போகும். கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டுகிற தண்ணீரில் மிதக்கும். ஏழாம் மாதக் கர்ப்பிணியின் தலைவழியே வழியும். நோன்புக்கு முந்தின மாதம் வந்துவிட்டால் ஊரில் ஒருவருக்கும் நிற்க நேரமிருக்காது. அந்த மாதத்தில் செத்துப்போனவர்கள் தங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வருவார்கள். அப்பமும் ஒட்டரிசியும் வாழைப்பழப் பாயசமும் செய்து அவர்களை எதிர்பார்ப்பது வழக்கம். கல்லறைகளைக் கழுவிப் பூத்தூவ வேண்டும் என்பதால் செமாராங் வியாபாரி லாரியோடு வந்து நிற்பான். அந்த மாதம் பார்த்துத்தான் பூச்சிக்கும் பசியெடுக்கும். மொட்டில் அசுவினி, இலைக்கு அடியில் செம்பேன், மேலே சாம்பல் நோய். ஒன்றை விரட்டினால் இன்னொன்று வந்து குந்திக்கொள்ளும்.

முன்பெல்லாம் பார்மினும் எல்லோரையும்போலக் கடை மருந்துதான் அடித்தான். முழுக்கைச் சட்டை போட்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, ஒழுங்காகத்தான் அடித்தான். லிந்தாங் செடிகளுக்கு நடுவிலேயே திரிவாள். பூ கிள்ளுகிற சாக்கில் ஒன்றிரண்டு இதழை வாயில் போட்டு மெல்லுவாள். ஒருநாள் வாந்தி எடுத்தாள், காய்ச்சல் கண்டது, நாலாம் நாள் போய்விட்டாள். கொசுக் காய்ச்சல் என்றார் சுகாதார நிலையத்துக் கம்பவுண்டர். அந்த மழையில் பக்கத்து ஊரிலும் இரண்டு பிள்ளைகள் அப்படித்தான் போயின. ருமியாத்தி அதை நம்பினாள். பார்மின் நம்பவில்லை. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த கையோடு மருந்துப் பாட்டில்களையெல்லாம் எடுத்து உடைத்துப் புதைத்தான். இனிமேல் என் வாசலில் கடை விஷம் இல்லை என்று சத்தியம் செய்தான்.

அன்றிலிருந்து இலை மருந்து. ஆரம்பத்தில் வேப்பங்கொட்டையும் பூண்டும் இடித்து ஊறவைத்து, சோப்புத் தண்ணீர் கலந்து தெளித்தான். ஒரு செடியில் தெளித்து, இரண்டு நாள் இலை கருகுகிறதா என்று பார்த்துத்தான் மற்றச் செடிக்குப் போவான். அதில் பூச்சி மட்டுப்பட்டது, ஒழியவில்லை. பிறகு புகையிலைக் காம்பைச் சேர்த்தான். இந்த வருஷம் கோடை நீண்டு பேன் பெருகிப்போகவே, கல்லறைத் தோட்டத்து வேலியிலிருந்து மர ஊமத்தையை வெட்டி வந்தான். வெள்ளை வெள்ளையாகத் தலைகீழாகத் தொங்குமே, அந்தப் பூ. பூவும் இலையும் சேர்த்துப் பீப்பாயில் போட்டுக் காய்ச்சினான்.

"காங், அதத் தின்னா கிறுக்குப் புடிக்கும்பாங்களே," என்று அன்றைக்கே ருமியாத்தி கேட்டாள்.

"தின்னாத்தானே? செடியா கிறுக்குப் புடிச்சுப் பாடப் போகுது?"

"மூக்கையாவது கட்டிக்க."

"இலைக்கு என்னத்துக்கு முகமூடி? இது ஆண்டவன் படைச்சது. பாட்டில்ல வர்றதுதான் மனுஷன் செஞ்ச விஷம்."

இதுதான் அவன் கணக்கு. கடை மருந்துக்குப் போட்ட முழுக்கைச் சட்டையை இலை மருந்துக்குக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில்லாத பழைய சட்டையோடு தெளித்தான். தொட்டி வேறு பழசு. அடி ஒட்டு விட்டு ஒழுகி, தெளித்து முடிப்பதற்குள் முதுகு, இடுப்பு, கால்சட்டை எல்லாம் ஊறிவிடும். அந்த ஈரத்தோடு உட்கார்ந்து பீடி குடிப்பான்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு யூ கெமி வந்தாள். ருமியாத்தியைவிட மூத்தவள்; அக்கா என்கிற இடத்தில்தான் அந்த யூ. புருஷனை இழந்தவள். அவளுக்குத் தெரியாமல் கலிசாரியில் ஒரு கோழி முட்டையிடாது. இப்போதும் அவள் ருமியாத்தியை லிந்தாங் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஊரிலும் அப்படித்தான். பிள்ளை போனால் பேரும் கூடவே போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"குடுத்து வச்ச மனுஷன்டி உன் வீட்டுக்காரன்," என்றாள் கெமி, இதழ் உதிர்த்துக்கொண்டே. "எங்க ஆளு போயி எத்தன வருஷம்? ஒரு நாளாவது எட்டிப் பாத்துதா? உசுரோட இருந்தப்பவே வீடு தங்காத ஆளு. செத்தப்புறமா வந்துடும்?"

"அவர்கிட்ட மட்டும் ஏன் யூ வருது? பெத்தவ நான் இல்லியா?"

"நீ அழுதுடுவேன்னு வரலியோ என்னவோ."

"நான் எங்க அழுறேன்?"

"அதத்தாண்டி சொல்றேன். மொத்தமா உள்ள வச்சிருக்க. பாக்குற எனக்கே பயமா இருக்கு, குழந்தைக்கு இருக்காதா?"

கெமிக்கு வாயில் வந்ததுதான் பேச்சு. ஆனால் ருமியாத்திக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கம்கெட்ட பொறாமை. சாயங்காலமானால் ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் வேலியிலுமாக இருந்தாள். பார்மின் உள்ளே வந்ததும் வாயைப் பிடுங்குவாள்.

"இன்னிக்கு வந்தாளா?"

"வந்தா."

"என்ன சொன்னா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பான். "தலை பின்னிவிடச் சொன்னா. எனக்கு எங்க வரும்? அம்மா எங்கன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஊத்துக்குப் போயிருக்கான்னேன்."

"பாவி மனுஷா, கூப்பிட்டிருக்கக் கூடாதா? ஒரு குரல் குடுத்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவான். எச்சில் ஊறாமல் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை தெளித்தவன் ஒருநாள்விட்டு ஒருநாள் தெளிக்க ஆரம்பித்தான். செம்பேன் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. இலை ஓரமெல்லாம் கருகி, தளிர் சுருண்டுகொண்டது. பூச்சிதான் ஒழிந்துவிட்டதே, எதற்கு மறுபடி என்று கேட்டால், சாம்பல் நோய் வரும் என்றான். சாம்பல் நோய்க்கும் ஊமத்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை. எங்கே தெளிப்பதை நிறுத்திவிடுவானோ என்று அவளுக்கே உள்ளுக்குள் ஒரு பயம். அதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

ஆள் பாதியாகிவிட்டான். வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று பகலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். தெளிக்கிற சாயங்காலமெல்லாம் நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. யூ கெமிதான் மந்திரிக்கிற கார்சோவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கார்சோ பார்மினின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், செடிகளைப் பார்த்தார், பீப்பாய்ப் பக்கம் போகவே இல்லை.

"கல்லறை வேலியில கை வச்சியா?"

"வச்சேன், பாக்," என்றான் பார்மின், ஐயா என்கிற மரியாதையோடு.

"கேட்டுட்டு வச்சியா?"

"வேலியக் கேக்கணுமா?"

"அங்க படுத்திருக்கறவங்களக் கேக்கணும். புள்ள தனியா வரல. கூட யாரோ தொத்திக்கிட்டு வந்திருக்கு. பூத்தண்ணி ஊத்திடுவோம். ஏழு வகைப் பூ வேணும். ரோஜாவுக்கு எங்கயும் போக வேணாம், உங்க செடியிலயே பறி. புள்ள தொட்டு விளையாடின செடி, அதுக்கு மரியாத உண்டு."

ருமியாத்தியே பறித்தாள். முந்தின நாள் தெளித்த மருந்து இதழ் மடிப்புகளில் பழுப்பாகக் காய்ந்திருந்தது. வெந்நீரில் போட்டதும் பூ விரிந்து, தண்ணீர் வெளிர்ப் பச்சையானது. கார்சோ ஓதி ஊதி, முதல் மூன்று வாயைக் குடிக்கச் சொன்னார். மிச்சத்தைத் தலையில் ஊற்றினார்கள்.

இருட்டுவதற்குள் பார்மினுக்கு வெறி பிடித்துவிட்டது. சட்டையைக் கிழித்துக்கொண்டு ரோஜாப் பாத்திக்குள் பாய்ந்தான். முள் கீறி ரத்தம் வந்ததும் அவனுக்குத் தெரியவில்லை. காற்றில் எதையோ பொறுக்கினான். "இங்க பாரு. இங்க பாரும்மா. ஒரே ஒரு தடவ இங்க பாரு," என்று வேலியைப் பார்த்துக் கெஞ்சினான். மூன்று ஆண்கள் சேர்ந்து பிடித்துக் கட்டிலில் கட்டினார்கள். தொத்திக்கொண்டது லேசில் போகாது என்று சொல்லிவிட்டுக் கார்சோ கூலிக்கு வைத்த அப்பத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

விடிந்தபிறகு அவன் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினான். ருமியாத்தி கிழிந்த சட்டையையும், அதற்கும் முந்தின நாள் தெளிக்கும்போது போட்டிருந்ததையும் ஊற்றுக்கு எடுத்துப் போய்க் கசக்கினாள். பழுப்புச் சாறு பிழியப் பிழிய வந்தது. புறங்கையால் வலது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு திரும்பி அரிசி பொறுக்க உட்கார்ந்தால் கல்லும் அரிசியும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. வாசல் வெளிச்சம் ஒரு கண்ணில் மட்டும் ஊசியாகக் குத்தியது.

கெமி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியே, உன் ஒரு கண்ணு கிணறு மாதிரி இருக்கு! கருவிழி பூரா பரவியிருக்குடி. இன்னொண்ணு சரியாத்தான் இருக்கு. ஐயோ, உன்னயும் புடிச்சுக்கிச்சா?"

பேய் பிடித்தால் இரண்டு கண்ணையும் பிடிக்காதா? ருமியாத்திக்கு அப்போதுதான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

கம்பவுண்டர் ஹார்தி டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணுல என்ன விட்ட?"

"ஒண்ணும் விடல, பாக்."

"எதாவது தொட்டுட்டுத் தேச்சிருப்ப. என்ன தொட்ட?"

"அவரு சட்டையத் தொவச்சேன். மருந்து அடிக்கிற சட்டை. கடை மருந்து இல்ல பாக், இலைதான். வேம்பு, பூண்டு, புகையிலைக் காம்பு, அப்புறம் கல்லறை வேலியில தொங்குமே..."

"ஊமத்தையா?"

"தின்னலியே பாக். தெளிக்கத்தான் செய்யுறாரு."

"தோலும் தின்னும்மா. மெதுவாத் தின்னும். தெளிக்கறப்ப முதுகு நனையுமா?"

"தொட்டி ஒழுகுது."

"வாய் வறண்டு போவுதா? மூஞ்சி செவக்குதா? இல்லாத ஆளோட பேசுறானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரோட பேசுறான்?"

"எம் பொண்ணோட."

லிந்தாங்குக்குக் கடைசி ஊசி போட்டவர் அவர்தான். டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்தார். நேற்றுக் குடிக்கக் கொடுத்த பூத்தண்ணீரைப் பற்றி அவள் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"குடிக்க வேற குடுத்தீங்களா? தப்பிச்சதே பெருசு. இன்னொரு தடவ அப்பிடி ஆச்சுன்னா நெஞ்சு தாங்காது, நின்னுடும். அவன இழுத்துட்டு வா, நான் பாக்கணும். சோப்புத் தண்ணி அடிங்க, வேப்பெண்ண அடிங்க, யாரு வேணாங்கறா? அதுக்கும் காத்துக்கு முதுகக் காட்டி நின்னு, கையையும் மூக்கையும் மூடிக்கிட்டு அடிக்கணும். முடிச்சதும் சோப்புப் போட்டுக் குளிக்கணும். இப்ப செடியில இருக்கற பூ ஒண்ணையும் வெளிய குடுக்காத. எந்த வீட்டுத் தண்ணியில போய் விழுமோ."

திரும்பி நடக்கும்போது ருமியாத்திக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்படியானால் அவனிடமும் வரவில்லை. தன்னை விட்டுவிட்டு அவனிடம் மட்டும் பிள்ளை போகவில்லை. அடுத்த நிமிஷமே, இப்படியும் ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்று தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. பிள்ளை இரண்டாம் தடவை செத்ததுபோல நடுவழியில் உட்கார்ந்து அழுதாள். காரட் மூட்டை தூக்கிப் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்கு வந்தால் பார்மின் எழுந்திருந்தான். பீப்பாய்ப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தான். புதிதாக வெட்டின ஊமத்தை ஒரு கட்டு காலடியில் கிடந்தது. அவள் கம்பவுண்டர் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். கண்ணைக் காட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கிண்டினான்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"தெளிக்காத அன்னிக்கு அவ வரமாட்டா. தெளிச்சா வருவா. மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. நான் என்ன மடையனா?"

"தெரிஞ்சுமா தொட்டிய ஒழுக விட்ட?"

"அடைக்கத் தார் வாங்கி வச்சிருக்கேன். அடைக்கல."

"நெஞ்சு நின்னுடும்ங்கறாரு, காங்."

"நிக்கட்டும்."

"அப்ப நான்?"

அவன் தொட்டிப் பக்கம் தலையைத் திருப்பினான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நீயும் ஒரு நாள் தோள்ல மாட்டிப் பாரு, ரும். உனக்கும் வருவா."

தொட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. தோள்வார் நனைந்து கறுத்திருந்தது. ருமியாத்தி அதையே பார்த்தாள். ஒரே ஒரு நாள்தானே. நெஞ்சு ஒரு நாளிலா நின்றுவிடும்? பக்கத்தில் போய்க் குனிந்தாள். விரல் வாரைத் தொடுகிற தூரத்தில் நின்றது.

"எங்கிட்டயும் பேசுவாளா?"

பார்மின் கிண்டுவதை நிறுத்தினான்.

"தலை பின்னச் சொல்லுவாளா? உங்கிட்டக் கேட்ட மாதிரி?"

அவன் குச்சியைப் பீப்பாய்க்குள்ளேயே போட்டுவிட்டான். "கேக்கல."

"என்னது?"

"அவ ஒண்ணும் கேக்கல, ரும். அதெல்லாம் நானா சொன்னது. நீ வாயப் பாத்துட்டு நின்ன, அதுக்காவ சொன்னேன். எனக்காவயும்தான். அவ வேலிக்கிட்ட முதுகக் காட்டிட்டு நிக்குறா. அவ்ளோதான். எவ்ளோ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறா. மொகத்த ஒரு தடவகூடப் பாக்கல நான். இன்னும் கொஞ்சம் கெட்டியாக் காய்ச்சினா திரும்புவாளோன்னுதான்..."

ருமியாத்தி கையை இழுத்துக்கொண்டாள். அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"லிந்தாங் என்னிக்காவது உனக்கு முதுகக் காட்டி நின்னிருக்காளா? நீ வேலிப் படலத் தொறக்கற சத்தம் கேட்டாலே தட்ட விட்டுட்டு ஓடி வருவா. காலக் கட்டிக்கிட்டா விடுவாளா? நடக்க முடியுமா உன்னால?"

"இல்ல."

"அப்ப அது யாரு, காங்? நம்ம புள்ள இல்ல. நான் பெத்தவ சொல்றேன். அது நம்ம புள்ள இல்ல."

பார்மின் இரண்டு கையாலும் முகத்தை மூடப் போனான். அவள் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணுல வைக்காத. அப்பிடியே அழு." அவன் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டே அழுதான்.

அன்று அவனைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கம்பவுண்டரிடம் கூட்டிப் போய்க் காட்டினாள். மறுநாள் விடிந்ததும் இருவரும் ஊற்றுக்குத் தூரமாகத் தோட்டத்து மேட்டு மூலையில் குழி வெட்டினார்கள். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, செடியிலிருந்த பூவையெல்லாம் மொட்டு மிச்சமில்லாமல் கிள்ளிக் குழியில் கொட்டினார்கள். செமாராங் வியாபாரி வந்து பார்த்துவிட்டு லாரியிலிருந்து குதித்தான்.

"இந்த மாசத்துல எவனாவது பூவப் புதைப்பானா? கிறுக்கா உங்களுக்கு?"

"மருந்து அடிச்ச பூ, பாக்," என்றாள் ருமியாத்தி.

"எவன் அடிக்கல? கழுவிட்டுப் போடு."

"இது கழுவினாப் போகாது."

வியாபாரி அவளுடைய கறுத்து விரிந்திருந்த வலது கண்ணைப் பார்த்தான். உடனே லாரியில் ஏறிவிட்டான். அடுத்த வருஷம் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டான் என்று இருவருக்கும் தெரிந்தது.

கடைசியாகப் பீப்பாய். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குழிக்கரைவரை தூக்கி வந்தார்கள். சாய்க்கப் போனபோது பார்மின், "இரு," என்றான். வேலியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மூங்கில், மேகம், கெமி காயப்போட்ட பாய்.

"இருக்காளா?"

"இல்ல. நேத்துக் குளிச்சதுலேருந்து இல்ல." அவன் மூச்சை இழுத்துவிட்டான். "சரி, சாய்."

கரும்பச்சைத் தண்ணீர் பூவின்மேல் விழுந்து நுரைத்தது. மண் தள்ளி மூடினார்கள். பையைக் கழற்றி அதையும் உள்ளே போட்டு மிதித்தார்கள். அப்புறம் அவள் அவனைத் தண்ணீர்த் தொட்டியடியில் உட்காரவைத்து, முழங்கையிலும் பிடரியிலும் முள் கீறின முதுகிலும் சோப்பை நுரைக்கத் தேய்த்தாள். அவன் குழந்தைபோலக் குனிந்து காட்டினான்.

"ரும்," என்றான், முகத்தை நிமிர்த்தாமல். "அடுத்த தடவ அவ திரும்பறதா இருந்திருந்தா?"

அவள் சோப்பைக் கீழே வைத்தாள். இன்னொரு சொம்பு தண்ணீரை மொண்டு அவன் முதுகில் ஊற்றினாள்.